தேனும் மசாலாவும் சேர்ந்த பெல்ஜியப் பாணி ஸ்ட்ராங் ஏல்: கிளாசில் வருவது தேன் வாசம்தானா?

#1 செந்தூல்77

தேன், மல்லி விதை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் சேர்த்துக் காய்ச்சிய பெல்ஜியப் பாணி ஸ்ட்ராங் ஏல், அதாவது ஆல்கஹால் கூடிய பீர் வகை. 8.5 சதவீத ஆல்கஹால், 330 மில்லி, பழுப்புப் போத்தல், அடியில் ஈஸ்ட் படிவு. மொத்தம் பத்து போத்தல் கையில் இருக்கிறது. அச்சடித்த தேதி பத்துக்கும் ஒன்றே. ஐந்து, குளிரூட்டிய அலமாரியில் வைத்து விற்கும் கடையில் வாங்கியவை. மற்ற ஐந்து வேறு கடையில், கதவோரத் தட்டில், அறைச் சூட்டில் நின்றவை.

இரண்டிலும் ஒவ்வொன்றைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினால் இரண்டு வேறு பீர் மாதிரி இருக்கிறது. தட்டில் நின்றதில் தேன் வாசம் கும்மென்று ஏறுகிறது, நிறமும் கொஞ்சம் கூடுதல் அடர்த்தி. குளிரில் இருந்ததில் முதலில் வருவது ஆரஞ்சும் மிளகும்தான். தேனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, வாயில் இனிப்பே தெரியவில்லை, முடிவில் நாக்கு வறண்டு போகிறது.

லேபிளில் தேன் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்களே, அப்படியானால் எது சரியான போத்தல்? இந்த வகையை எப்படி முறையாகச் சுவைத்துப் பார்ப்பது?

#2 நுரைக்கோடு

தம்பி, குளிரில் இருந்ததுதான் காய்ச்சியவர் மனதில் வைத்திருந்த பீர். விரிவாகவே சொல்கிறேன், நம் மலேசிய வெயிலில் இந்தக் குழப்பம் ஓயாமல் வருகிறது.

தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை, மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கு புருக்டோசும் குளுக்கோசும். ஈஸ்ட் இவை இரண்டையும் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய பார்லி) வரும் சர்க்கரையில் ஒரு பகுதி நொதிக்காமல் தங்கும், பீருக்கு உடம்பு கொடுப்பது அதுதான். தேன் அப்படித் தங்குவதில்லை. 20 லிட்டருக்கு 1 கிலோ தேன் சேர்த்தால் தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 0.001 ஒரு புள்ளி) 14, 15 புள்ளி ஏறும். அது நொதித்து முடிந்ததும் சுமார் 1.9 சதவீத ஆல்கஹாலாக மாறியிருக்கும், இனிப்பாக ஒன்றும் மிஞ்சாது. ஆகவே தேன் சேர்த்த ஏல், அதே பலத்தில் மால்ட்டை மட்டும் வைத்துக் காய்ச்சியதைவிட வறட்சியாகத்தான் இருக்கும். அடர்த்தி 1.075இல் தொடங்கி 1.010இல் முடிந்தால் உங்கள் 8.5 சதவீதம் வந்துவிடும். போத்தலில் அடைபட்டிருக்கும் கரியமில வாயு மிஞ்சிய கொஞ்ச இனிப்பையும் நாக்கில் தங்கவிடாது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சாதாரண பீரான லாகரில் இந்த வாயு பீரின் கன அளவைப்போல் இரண்டரை மடங்கு, இந்த வகையில் 3 முதல் 4 மடங்கு வரை போகும்.

தேனிலிருந்து மிஞ்சுவது வாசம் ஒன்றுதான். அதுவும் எப்போது சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் கொதித்தால் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்த பிறகோ, முதல் நொதித்தல் அடங்கும் நேரத்திலோ சேர்த்தால் பூவாசம் நிற்கும். பச்சைத் தேனை அப்படியே கொட்டினால் அதிலுள்ள என்சைம்கள் மால்ட்டின் நொதிக்காத பகுதியையும் வெட்டிவிடும், பீர் தண்ணியாகிப் போகும். அதனால் தேனை 80 டிகிரி அளவில் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடவோ வைத்து, என்சைமை அடக்கிவிட்டுச் சேர்ப்பார்கள்.

இப்போது உங்கள் தட்டுப் போத்தலுக்கு வருவோம். பீரில் தேன் வாசம் நான்கு வழியில் வரலாம். ஒன்று, தேனே. இரண்டு, லேசாக வறுத்த சில மால்ட் வகைகள். மூன்று, ஈஸ்ட் உண்டாக்கும் ரோஜா வாசமுள்ள ஃபினைல் எத்தனாலும் அதன் எஸ்டரும். நான்கு, பீர் பழசாவது. சூட்டில் பீர் மூப்படையும்போது ஃபினைல் அசிட்டால்டிஹைடு என்ற பொருள் கூடிக்கொண்டே போகும். அதன் வாசம் அச்சு அசல் தேன். தேனிலும் இயல்பாகவே இருக்கிற பொருள்தான் அது, ஆகவே மூக்கு ஏமாறுவதில் தவறே இல்லை.

வாசத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல தேன் வாசத்தோடு பூ, மெழுகு, ஆரஞ்சு வரும். மூப்பின் தேன் வாசத்தோடு ஷெர்ரி ஒயின், நனைந்த அட்டைப்பெட்டி, உலர்ந்த திராட்சை வரும், மசாலா மங்கிப்போயிருக்கும், நிறம் ஒரு படி கருத்திருக்கும். நீங்கள் நிறத்தைக் கவனித்து எழுதியது நல்ல குறிப்பு.

பீர்க்காரர்கள் 3-30-300 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றிலும் பீருக்கு ஏறக்குறைய ஒரே அளவு மூப்பு. இது தோராயக் கணக்கு, ஸ்ட்ராங் ஏல் லாகரைவிடக் கொஞ்சம் தாங்கும். ஆனாலும் கோலாலம்பூர் பகல் சூடு 32ஐத் தாண்டும் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கதவோரத் தட்டைப் பாருங்கள்.

அடுத்த போத்தலில் செய்ய ஒரு சோதனை: மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். அப்போது தெரிவது நாக்கின் சுவை மட்டும். இனிப்பு தெரிந்தால் சர்க்கரை மிஞ்சியிருக்கிறது. விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். அப்போது திடீரென்று "இனிப்பு" வந்தால் அது வாசம் செய்யும் வேலை. இந்த வகையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்.

#3 ஜாதிக்காய்

பினாங்கிலிருந்து வணக்கம். அண்ணன் தேனைச் சொல்லிவிட்டார், நான் மசாலாப் பக்கம்.

நம் மூக்குக்கு மல்லி என்றால் வறுத்த மல்லி. சாம்பார்ப் பொடி, மீன் கறித்தூள். பெல்ஜியத்தில் பீர் காய்ச்சும்போது மல்லியை வறுப்பதில்லை. பச்சையாக, ஒன்றிரண்டாக உடைத்து, கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுவார்கள். பச்சை மல்லி எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல்: ஆரஞ்சு, லவண்டர், கொஞ்சம் பூ. அதனால் "மல்லி எங்கே, வரவே இல்லையே" என்று தேடுபவர்கள் அதை ஆரஞ்சு என்று எண்ணித் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீட்டு டப்பாவிலிருந்து பத்து விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கரண்டிக் காம்பால் நசுக்கி உடனே முகர்ந்து பாருங்கள். முதல் இரண்டு மூச்சில் வருவது ஆரஞ்சு. நாலாவது மூச்சில்தான் கறி நினைவு வரும். பீரில் தேட வேண்டியது அந்த முதல் இரண்டு மூச்சு.

விதையிலும் பேதம் உண்டு. இந்திய மல்லி நீள்வட்டம், வெளிர் நிறம், எலுமிச்சை வாசம் கூடுதல். உருண்டையாகச் சிறிதாக இருக்கும் ரகம் சில நேரம் செலரித் தண்டு, பன்றித் தொடை இறைச்சி மாதிரி ஒரு காரவாசம் கொடுத்துவிடும். பீரில் அந்த வாசம் வந்தால் ஈஸ்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், விதையின் வேலை அது. அளவு என்று பார்த்தால் 20 லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் பின்னணியில் நிற்கும், 25ஐத் தாண்டினால் கோதுமை விட்பியர் மாதிரி முன்னால் வரும். இன்னும் ஏறினால் சோப்பு.

கிராம்பு விஷயம்தான் சிக்கல். பெல்ஜிய ஈஸ்ட் பலவும் மால்ட்டிலுள்ள ஃபெருலிக் அமிலத்தை 4-வினைல் குவையாகாலாக மாற்றும். அதன் வாசம் கிராம்பு. லேபிளில் கிராம்பு இல்லாமலே கிராம்பு வரும். உண்மையான கிராம்பில் இருப்பது யூஜெனால், பல்வலிக்கு வைப்போமே அந்த மரத்துப்போகும் தன்மை உடையது. அளவு மீறிக் கிராம்பு போட்ட பீரில் நாக்கு நுனி லேசாக மரக்கும், பல் மருத்துவர் அறை வாசம் வரும். ஈஸ்ட்டின் கிராம்பு அப்படி மரக்கவைக்காது, கொஞ்சம் புகையோடு வந்து மறையும்.

மிளகும் அப்படித்தான். வாசத்தில் மட்டும் மிளகு, தொண்டையில் காரம் இல்லை என்றால் பெரும்பாலும் ஈஸ்ட். விழுங்கிய பிறகு தொண்டையில் காரம் பத்து நொடி நின்றால் மிளகோ, கிரெயின்ஸ் ஆப் பாரடைஸோ சேர்ந்திருக்கிறது. இந்தக் கடைசிப் பொருள் மேற்கு ஆப்பிரிக்க விதை, இஞ்சி ஏலக்காய்க் குடும்பம். வாயில் மிளகு மாதிரி தொடங்கி ஏலக்காய் மாதிரி முடியும்.

கசப்பு ஆரஞ்சுத் தோல், குராசாவ் வகை, நன்றாக இருந்தால் மார்மலேட். உள்ளே வெள்ளைத் தோலோடு அதிகம் சேர்ந்தால் அடிநாக்கில் பிடிக்கும் மாத்திரைக் கசப்பு. பீருக்கு வழக்கமாகச் சேர்க்கும் ஹாப் பூவின் கசப்பு வாய் முழுவதும் பரவி அடங்கும், தோல் கசப்பு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

#4 கிள்ளான்ஆறு

நுரைக்கோடு அண்ணே, ஒரு மாற்றுக் கருத்து. ஸ்ட்ராங் ஏல் வைக்க வைக்க நன்றாக வரும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? பெல்ஜியத்தின் சிமே நீல லேபிள் ஏல் ஆண்டு போட்டே வருகிறது, சேர்த்து வைப்பவர்கள் உண்டு. போத்தலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, பெல்ஜியத்திலேயே போத்தலைச் சூடான அறையில் வைத்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். பிறகு எப்படிச் சூடு கெடுதல் ஆகும்?

#5 நுரைக்கோடு

நியாயமான கேள்வி லா. சூடான அறை உண்மைதான். டூவெல் என்ற பெல்ஜிய ஏலைப் போத்தலில் அடைத்த பிறகு 24 டிகிரி அளவில் இரண்டு வாரம் வைத்து, பிறகு குளிர் அறையில் பல வாரம் வைக்கிறார்கள். அந்த இரண்டு வாரம் ஈஸ்ட்டுக்குத் தின்னச் சர்க்கரை இருக்கிறது. தின்னும்போது போத்தலில் நுழைந்த ஆக்சிஜனையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை தீர்ந்த பிறகு அதே சூட்டில் வைத்தால் ஈஸ்ட் பட்டினியில் செத்து உடையும். அப்போது வரும் வாசம் சோயா சாஸ், இறைச்சிச் சாறு, சில நேரம் எரிந்த ரப்பர். நம் ஊரில் ஓராண்டு வெளியே நின்ற இருண்ட ஏலில் சோயா வாசம் வந்தால் மால்ட்டின் ஆழம் என்று பாராட்டிவிடாதீர்கள்.

வைத்துக் குடிப்பது பற்றி: சிமே நீலம் 9 சதவீதம், ரோஷ்ஃபோர் 10 என்பது 11.3 சதவீதம். இவை கருத்த ஏல்கள். மூப்பில் வரும் திராட்சை, ஷெர்ரி, அத்திப்பழம் எல்லாம் இவற்றின் மால்ட்டோடு ஒத்துப்போகும். அதுவும் 12 முதல் 15 டிகிரிக் கிடங்கில், வெளிச்சம் படாமல், நிற்கவைத்து. பொன்னிறத் தேன் ஏலுக்கு அந்தத் திரை கிடையாது. பூ, ஆரஞ்சு, மல்லி மூன்றும்தான் அதன் சொத்து, மூன்றும் முதலில் போகிறவை. வாங்கி மூன்று நான்கு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள், அதுவரை குளிர்ப்பெட்டியிலேயே இருக்கட்டும்.

பெல்ஜியத்தில் இந்த வகைக்கு முன்மாதிரி வேண்டுமானால் கெனாஸ்ட் ஊரிலுள்ள லெஃபெவ்ர் காய்ச்சும் பார்பார், 8 சதவீதம். 1876இல் தொடங்கிய ஆலை. தூர்ப் ஊரின் டூபோனும் இயற்கைத் தேனில் 8 சதவீத ஏல் ஒன்று காய்ச்சுகிறது. மல்லி மட்டும் எப்படி நிற்கும் என்று பார்க்க லா ஷூஃப், 8 சதவீதம். இது கொஞ்சம் எளிதில் கிடைக்கும், தேன் கிடையாது, ஆகவே ஒப்பிடுவதற்கு நல்ல அளவுகோல்.

#6 செந்தூல்77

மூக்குப் பிடிப்புச் சோதனை செய்தாகிவிட்டது. இரண்டு போத்தலிலும் மூக்கைப் பிடித்தால் இனிப்பு ஏறக்குறைய ஒன்றே, மிகக் குறைவு. மூக்கை விட்டதும் தட்டுப் போத்தலில் தேன் வெள்ளமாக வருகிறது. அதாவது "இனிப்பு" முழுக்க வாசம்தான். ஆனால் நுரை பிரச்சினை: ஊற்றும்போது கிளாஸ் முழுக்க நுரை, இரண்டு நிமிடத்தில் காணாமல் போகிறது. பீரில் கோளாறா, ஊற்றுவதிலா?

#7 லெபோபாசார்

தம்பி, பெரும்பாலும் கிளாஸ்தான்.

கறிச்சட்டி தேய்த்த ஸ்பாஞ்சால் பீர் கிளாஸைத் தேய்த்தால் எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, நுரை செத்துவிடும். கிளாஸுக்குத் தனி ஸ்பாஞ்ச் வையுங்கள். உள்ளே கல்லுப்பு ஒரு தேக்கரண்டி போட்டு ஈரக்கையால் தேய்த்து, நன்றாக அலசிக் கவிழ்த்து வையுங்கள், துணியால் துடைக்க வேண்டாம். ஊற்றிய பிறகு கிளாஸின் உள் சுவரில் குமிழ்கள் முத்து முத்தாக ஒட்டியிருந்தால் அந்த இடம் சுத்தமில்லை என்று அர்த்தம். சுத்தமான கிளாஸில் குமிழ் கீழிருந்து மேலே நூல் மாதிரி போகும், குடிக்கக் குடிக்க நுரை சுவரில் வளையம் வளையமாக ஒட்டி நிற்கும்.

முழுக்க நுரையாக வந்ததற்குக் காரணம் சூடு, அல்லது ஆட்டிக் கொண்டுவந்தது. போத்தலை ஒரு நாள் முழுக்கக் குளிர்ப்பெட்டியில் நிற்கவையுங்கள், ஈஸ்ட் அடியில் இறுகட்டும். 4 டிகிரியில் இருந்து எடுத்து, நம் ஊர் 30 டிகிரி அறையில் 12 முதல் 15 நிமிடம் வெளியே வைத்தால் 10 டிகிரி பக்கம் வந்துவிடும். ஐரோப்பியக் குறிப்புகளில் அரை மணி நேரம் என்று போட்டிருப்பதை இங்கே பின்பற்றினால் 15ஐத் தாண்டிப் போய், ஆல்கஹால் மூக்கைக் குத்தும். 8 டிகிரியில் தொடங்கி 13, 14 வரை கிளாஸிலேயே ஏறவிட்டுக் குடிப்பதுதான் இந்த வகைக்கு அழகு.

கிளாஸ் டியூலிப் வடிவம், 400 மில்லிக்குக் குறையாமல். இல்லையென்றால் வாய் குறுகின ஒயின் கிளாஸ் போதும். தண்ணீரில் ஒருமுறை அலசி, ஈரத்தோடு சாய்த்துப் பிடித்து, சுவரோடு மெதுவாக முக்கால் பங்கு ஊற்றி, நிமிர்த்தி நடுவில் விட்டு நுரை எழுப்புங்கள். போத்தலின் தோள் பக்கம் பாருங்கள், படிவு சாம்பல் புகை மாதிரி கழுத்தை நோக்கி நகரத் தொடங்கும். அந்த நொடியில் நிறுத்த வேண்டும். கடைசி ஒரு சென்டிமீட்டர் போத்தலிலேயே இருக்கட்டும். ஒரே இழுப்பில் ஊற்றி முடியுங்கள், போத்தலை நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் படிவு கலங்கிவிடும்.

முகர்ந்து பார்க்கும் அறையில் கொசுவத்தி, சாம்பிராணி, மல்லிகைச் சரம் எதுவும் வேண்டாம். அரை மணி நேரத்துக்கு முன் ஏற்றிய ஊதுவத்தி வாசம்கூடத் திரைச்சீலையில் நிற்கும். சம்பல் சாப்பிட்ட நாக்குக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். இடையில் வெறும் கிரீம் கிராக்கரும் சாதாரணத் தண்ணீரும் போதும், ஐஸ் தண்ணீர் நாக்கை மரக்கச் செய்யும்.

சாப்பாட்டோடு குடிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 8 சதவீதத்துக்கு மேலான பீரும் மிளகாய்க் காரமும் சேர்ந்தால் வாய் எரியும். மிளகாயை உணரும் அதே நரம்பு முனையை ஆல்கஹாலும் தூண்டும், கரியமில வாயு மேலும் குத்தும். குழம்பு வெள்ளமாக ஊற்றிய நாசி கண்டாரோடு இதைக் குடித்துவிட்டு பீர் சூடாக இருக்கிறது என்று குறை சொன்னால் அது பீர்மேல் அநியாயம். சாத்தேயும் வேர்க்கடலைச் சாறும் நன்றாகப் போகும். உளுந்து வடை, தேங்காய்ச் சட்னி இல்லாமல், வெறும் வடை. முறுக்கு. இனிப்பில் நெய் மைசூர்பாகு: பீரின் வறட்சி நெய்யை அறுத்துக்கொண்டு போகும். அசாம் லக்சாவின் புளிப்போடு தேன் வாசம் சுத்தமாகத் தொலைந்துவிடும், அதை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

#8 ஜாதிக்காய்

அக்கா சொன்னதோடு மூக்குப் பயிற்சிக்கு ஒரு வழி. எந்த வாசம் எது என்று பெயர் சொல்ல முடியாமல் தவிப்பவர்களுக்கு இது உதவும்.

ஐந்து சின்னக் கிண்ணம். உடைத்த மல்லி, ஒரே ஒரு கிராம்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், நாலு மிளகு, ஒரு இதழ் அன்னாசிப்பூ. பிரிக்பீல்ட்ஸ், லெபோ பாசார், கிள்ளான் தெங்கு கெலானா, எங்கு வேண்டுமானாலும் பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி ஐந்து நிமிடம் விட்டுத் திறந்து முகருங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 5 கிராம் உடைத்த மசாலாவை 50 மில்லி வோட்காவில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டி, 200 மில்லி சாதாரண லாகரில் அரை மில்லி விட்டுச் சுவைத்துப் பாருங்கள். கிராம்பு மட்டும் ஒரு சொட்டில் தொடங்குங்கள், அது மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

தேனுக்கு: நம் நாட்டுத் தேனை வைத்தே பழகலாம், ஆனால் எந்தத் தேன் என்பது முக்கியம். ஒரு தேக்கரண்டி, 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில். மலைத்தேனீ துவாலாங் மரத்தில் கட்டும் தேன் கருப்பு, கொஞ்சம் கசப்பு, புகை. கெலாம் தேன் மர வாசத்தோடு. கெலுலுட், அதாவது கொடுக்கில்லாத தேனீயின் தேன், புளிக்கும், தண்ணீரும் கூடுதல். அதை அளவுகோலாக வைத்தால் பெல்ஜிய ஏலில் தேனையே கண்டுபிடிக்க முடியாது. ஐரோப்பியப் பூத்தேன் ஒரு சின்னப் புட்டி வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். கரைத்த தண்ணீரை முகர்ந்தால் இனிப்பைவிட மெழுகும் பூவும் முன்னால் வரும். தேனின் சர்க்கரையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதுதான், பீரில் தேட வேண்டியதும் அதுதான்.

காய்ச்சும் அளவுகளைப் பார்த்துவிட்டு வீட்டில் முயற்சி செய்யலாமா என்று தனிச் செய்தியில் இருவர் கேட்டார்கள். இங்கே பீர் காய்ச்ச உரிமம் வேண்டும், 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டம். அளவுகளைக் கொடுத்தது கிளாஸில் இருப்பதைப் புரிந்துகொள்ள மட்டுமே.

#9 கிள்ளான்ஆறு

மூப்பு வாசத்தைப் பழக, ஒரு போத்தலைக் கார் பின்பெட்டியில் ஒரு வாரம் போட்டு வைத்தால் என்ன?

#10 நுரைக்கோடு

வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் கார் 50 டிகிரியைத் தாண்டும். மூன்று நான்கு மடங்கு வாயு அடைத்த போத்தல் வெடிக்கும். பழகுவதற்கு டின் லாகர் இரண்டு போதும். ஒன்றைக் குளிர்ப்பெட்டியிலும், மற்றதைச் சமையலறை அலமாரியில் துணி சுற்றியும் மூன்று வாரம் வைத்து, பிறகு இரண்டையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். லாகரில் மசாலா மறைப்பு இல்லாததால் அட்டைப்பெட்டி, தேன் இரண்டும் பளிச்சென்று தெரியும். தேனே சேராத லாகரில் தேன் வருவதை ஒருமுறை முகர்ந்துவிட்டால் பிறகு மறக்காது.

செந்தூல் தம்பி, மிச்சமிருக்கும் போத்தல்களை முக்கோணச் சோதனைக்கு வையுங்கள். ஒருவருக்கு மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது தனி என்று சொல்ல வேண்டும். நிறம் காட்டிக்கொடுக்கும், அதனால் கிளாஸைச் சுற்றி அலுமினியத் தாள். ஒரு கிளாஸுக்கு 40 மில்லி, மூன்றும் ஒரே டிகிரி. குருட்டாம்போக்கில் மூன்றுக்கு ஒருவர் சரியாகச் சொல்வார்கள். ஆகவே ஆறு பேரில் ஐந்து பேராவது பிடித்தால்தான் வித்தியாசம் உண்டு என்று நம்பலாம்.

#11 செந்தூல்77

ஆறு பேர், அலுமினியத் தாள், 10 டிகிரி. ஆறு பேரும் பிடித்துவிட்டார்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, 50 மதிப்பெண் தாளில் (வாசம் 12, தோற்றம் 3, சுவை 20, வாய் உணர்வு 5, மொத்த எண்ணம் 10) எழுதிய குறிப்புகளின் சாரம்:

குளிர்ப் போத்தல். பொன்னிறம், லேசான கலங்கல், முட்டை வெள்ளை அடித்தது மாதிரி நுரை, மூன்று விரல் உயரம், ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் ஒரு விரல் நின்றது. வாசத்தில் முதலில் ஆரஞ்சுத் தோல், பிறகு நசுக்கிய மல்லி, அதன் பின்னால் பேரிக்காய். 12 டிகிரிக்கு வந்த பிறகுதான் தேன், அதுவும் காலி தேன் புட்டியைத் திறந்து முகர்வது மாதிரி மெழுகு கலந்து. வாயில் வறட்சி, மிளகு, ஆல்கஹால் நெஞ்சில் இறங்கும்போது மட்டும் வெதுவெதுப்பு. தொண்டையில் காரம் நிற்கவில்லை, ஆகவே மிளகு ஈஸ்ட்டுடையது. 39.

தட்டுப் போத்தல். ஒரு படி கருத்த செம்பு நிறம், நுரை கரடுமுரடு, இரண்டு நிமிடத்தில் விளிம்போடு சரி. தேன் வாசம் முதல் மூச்சிலேயே, மூன்றாவது மூச்சில் மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம். மல்லி தேடினாலும் இல்லை. ஆரஞ்சுத் தோலின் கசப்பு மட்டும் அடிநாக்கில் தனியாக மிஞ்சியிருக்கிறது. 26.

ஆச்சரியம் என்னவென்றால் ஆறில் இருவர் அலுமினியத் தாளை எடுக்கும் முன்பு "இதில்தான் தேன் கூடுதல், இதுதான் பிடித்திருக்கிறது" என்று தட்டுப் போத்தலைக் காட்டினார்கள்.

#12 ஜாதிக்காய்

பிடித்திருப்பதில் தவறில்லை, தம்பி, அவர்கள் விரும்பியதைக் குடிக்கட்டும். ஆனால் அந்த ஆரஞ்சுக் கசப்புக் குறிப்பு அருமையானது. வாசனை எண்ணெய் போய்விடுகிறது, கசப்புப் பொருள் போவதில்லை. மசாலா ஏல் மூப்படைந்ததைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நேரான வழி இதுதான்: தோலின் கசப்பு இருக்கிறதா, தோலின் வாசம் எங்கே?

#13 கிள்ளான்ஆறு

சரி, நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன், பொன்னிறத்துக்கு மட்டும். கருத்த ஏலை இன்னும் ஒரு நாள் தனி இழையில் பேசுவோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பல பெல்ஜிய ஸ்ட்ராங் ஏல்களில் காலாவதித் தேதி அடைத்த நாளிலிருந்து இரண்டு மூன்று ஆண்டு தள்ளி இருக்கும். அந்தக் கணக்கு குளிர்ந்த கிடங்குக்குப் போட்டது, நம் கடைத்தட்டுக்குப் போட்டதல்ல. தேதி இன்னும் ஓராண்டு இருக்கிறது என்பதால் பீர் புதுசு என்று ஆகாது. எப்போது சரக்கு வந்தது, வந்ததிலிருந்து குளிரில் இருந்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பீரை மதித்து விற்பவர் மறைக்காமல் சொல்வார். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் கழுத்தில் பீர் மட்டத்தைப் பாருங்கள். மற்றப் போத்தல்களைவிடத் தாழ்ந்திருந்தாலோ மூடிக்கடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ வாயு கசிந்திருக்கிறது. பச்சை, வெள்ளைப் போத்தலானால் கண்ணாடிக் கதவுக் குளிர்ப்பெட்டியின் முன்வரிசையை விட்டுப் பின்வரிசையிலிருந்து எடுங்கள், விளக்கு வெளிச்சம் ஹாப்போடு சேர்ந்து ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தைக் கொடுத்துவிடும்.

விலை கூடுதல் என்று வருத்தப்படுபவர்களுக்கு: 2016 மார்ச்சிலிருந்து இங்கே பீருக்குக் கலால் வரி ஆல்கஹால் அளவை வைத்துத்தான். அப்போது வைத்தது தூய ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி. 330 மில்லி, 8.5 சதவீதம் என்றால் அந்தக் கணக்கில் வரி மட்டும் ஒரு போத்தலுக்கு 4 வெள்ளி 90 காசு. 5 சதவீத லாகருக்கு அதே அளவில் 2 வெள்ளி 90 காசுக்குள். இவ்வளவு கொடுத்து வாங்குவதைச் சூட்டில் நின்ற தட்டிலிருந்து எடுக்க மனம் வரக்கூடாது.

#14 லெபோபாசார்

ஒரு போத்தலில் 22 கிராம் சுத்த ஆல்கஹால், 5 சதவீத டின் லாகரில் 13. முக்கோணச் சோதனைக்கு ஆறு பேர் கூடினால் வண்டிச் சாவியை முதலிலேயே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு. வாங்குபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், 2017 டிசம்பரிலிருந்து.

தம்பி, மிச்சம் எத்தனை போத்தல்?

#15 செந்தூல்77

குளிர்ப் போத்தல் ஒன்று, அக்கா. தட்டுப் போத்தல் ஒன்று. இரண்டாவதைக் கோழி வறுவலில் ஊற்றலாமா என்று யோசனை.

#16 லெபோபாசார்

வறுவலில் வேண்டாம், ஆரஞ்சுத் தோல் கசப்பு சுண்டச் சுண்ட ஏறும். வெங்காயம் அரை கிலோ மெல்லிசாக நறுக்கி, வெண்ணெயில் 40 நிமிடம் சிறுதீயில் பொன்னிறமாக வதக்கி, மாட்டிறைச்சி (சேர்க்காதவர்கள் ஆட்டிறைச்சி) அரை கிலோ போட்டு, பீரில் பாதி மட்டும் ஊற்றி, மீதிக்குத் தண்ணீர், மூடி இரண்டு மணி நேரம். கடைசியில் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதும், கசப்பைச் சரிக்கட்ட குலா மலாக்கா (தென்னை வெல்லம்) சுண்டைக்காய் அளவும். பெல்ஜியத்தில் ரொட்டித் துண்டில் கடுகு தடவி மேலே போட்டு வேகவைப்பார்கள், அதுவே குழம்பைக் கெட்டியாக்கும். குளிர்ப் போத்தலைச் சமைக்காமல் குடித்துவிடுங்கள்.